பழசை விற்கலாம், பொய்யை விற்கக் கூடாது!

வீட்டில் ஒரு பொருள் சும்மா கிடக்கிறது. அது இன்னொருவருக்குத் தேவைப்படுகிறது. அவருக்கு அதை விற்கலாம். நமக்குப் பணம் வரும். அவருக்குப் பொருள் கிடைக்கும்.

இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பழைய பொருளை விற்பது குற்றம் அல்ல. அதை வாங்குவதும் கேவலம் அல்ல.

ஆனால், பழைய பொருளின் குறையை மறைத்து விற்றால், அதற்கு வியாபாரம் என்று பெயர் இல்லை. ஏமாற்று என்று பெயர்.

இதை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். கிட்டார் வாசிப்பவர்கள் காலால் மிதிக்கும் பெட்டி ஒன்று உண்டு. அதற்கு "மல்டி எபெக்ட்ஸ் பெடல்" என்று பெயர்.

பெயரைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். விஷயம் எளிதானது.

பெட்டி என்ன செய்யும்?

கிட்டாரில் ஆறு தந்திகள் இருக்கும். மின்சாரக் கிட்டாரில் தந்திக்குக் கீழே காந்தமும், அதைச் சுற்றிக் கம்பிச் சுருளும் இருக்கும். தந்தி அதிர்ந்தால், கம்பிச் சுருளில் சிறிதளவு மின்சாரம் உண்டாகும். அந்த மின்சாரம் கம்பி வழியாக ஆம்ப்ளிபயருக்குப் போகும். ஆம்ப்ளிபயர் அதைப் பெரிதாக்கும். ஒலிபெருக்கி பாடும்.

கிட்டாருக்கும் ஆம்ப்ளிபயருக்கும் நடுவே ஒரு பெட்டியை வைத்தால் என்ன ஆகும்? ஒலி அந்தப் பெட்டிக்குள் புகுந்து வெளியே வரும். வரும்போது மாறி வரும்.

ஒரு பெட்டி ஒலியைக் கரகரப்பாக்கும். இன்னொரு பெட்டி எதிரொலி கொடுக்கும். வேறொரு பெட்டி, ஒருவர் வாசிப்பதை இருவர் மூவர் சேர்ந்து வாசிப்பது போலக் காட்டும்.

வாசிப்பவருடைய இரண்டு கைகளும் கிட்டாரில் இருக்கும். ஆகவே, பெட்டியைத் தரையில் வைத்துக் காலால் மிதிக்கிறார். அதனால்தான் அதற்குப் "பெடல்" என்று பெயர் வந்தது.

பல பெட்டிகள் செய்யும் வேலையை ஒரே பெட்டி செய்தால், அதுதான் "மல்டி எபெக்ட்ஸ்" பெடல்.

குறையே சரக்கு ஆனது!

இந்தப் பெட்டிகளின் பிறப்பே ஒரு வேடிக்கைக் கதை.

அமெரிக்காவில் நாஷ்வில் என்று ஒரு நகரம் இருக்கிறது. பாட்டுக்குப் பேர் போன ஊர். மார்ட்டி ராபின்ஸ் என்ற பாடகரின் பாட்டு ஒன்று அங்கே ஒலிப்பதிவு ஆனது. கிராடி மார்ட்டின் என்பவர் ஆறு தந்தி பேஸ் கிட்டார் வாசித்தார். ஒலிப்பதிவு மேஜையில் ஒரு பகுதி பழுதாகி இருந்தது. அதனால் கிட்டார் ஒலி கரகர என்று வந்தது.

"பாழாய்ப் போயிற்று" என்று அதை யாரும் தூக்கி எறியவில்லை. அப்படியே பாட்டில் சேர்த்துவிட்டார்கள். 1961-ம் ஆண்டில் பாட்டு வெளிவந்தது. ஜனங்களுக்குப் பிடித்துவிட்டது!

"அந்தக் கரகரப்பு எங்களுக்கும் வேண்டும்" என்று மற்றவர்கள் கேட்டார்கள். ஒலிப்பதிவு என்ஜினீயர் கிளென் ஸ்னாடி யோசித்தார். பழுதான மேஜை செய்த வேலையைச் செய்ய ஒரு சிறு பெட்டியை உருவாக்கினார். உடன் வேலை செய்தவர் ரெவிஸ் ஹாப்ஸ். கிப்சன் கம்பெனி அந்தப் பெட்டியை வாங்கி, 1962-ம் ஆண்டில் "மேஸ்ட்ரோ பஸ் டோன்" என்ற பெயரில் விற்றது.

முதலில் விற்பனை மந்தம்தான். 1965-ம் ஆண்டில் இங்கிலாந்தின் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு "சாடிஸ்பேக்‌ஷன்" என்ற பாட்டில் அந்தப் பெட்டியை உபயோகித்தது. வாசித்தவர் கீத் ரிச்சர்ட்ஸ். பாட்டு சக்கைப்போடு போட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் கடைகளில் இருந்த பெட்டிகள் எல்லாம் விற்றுத் தீர்ந்தன.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. குறையை எல்லோருக்கும் தெரியச் சொன்னால், அதற்குக்கூட விலை கிடைக்கும்!

கடிகாரக் கடைக்காரர்

இந்தத் தொழிலைப் பெரிதாக வளர்த்த நாடு ஜப்பான். வளர்த்தவர்களில் முக்கியமானவர் இகுட்டாரோ ககேஹாஷி.

அவர் 1930-ம் ஆண்டில் பிறந்தார். இளம் வயதில் கடிகாரம் பழுதுபார்க்கும் கடை வைத்தார். பிறகு ரேடியோக்களைப் பழுதுபார்த்தார். பழுதுபார்த்துப் பார்த்தே மின்சார வித்தையைக் கற்றுக்கொண்டார். வாத்தியங்கள் செய்தார். 1972-ம் ஆண்டில் ஒசாகா நகரில் "ரோலண்ட்" கம்பெனியைத் தொடங்கினார்.

அந்தக் கம்பெனி, கிட்டார் பெடல்களை "பாஸ்" என்ற பெயரில் விற்றது. 1976-ம் ஆண்டில் அதன் "கோரஸ்" பெட்டி வந்தது. 1977-ம் ஆண்டில் கைக்கு அடக்கமான சிறு பெடல்கள் வந்தன.

சிறு பெடல்களில் ஒரு தொல்லை. ஐந்து விதமான ஒலி வேண்டும் என்றால், ஐந்து பெட்டி வேண்டும். அவற்றை இணைக்கக் கம்பிகள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மின்சாரம் கொடுக்க வேண்டும். மேடையில் பாதி நேரம் கம்பி மாட்டுவதிலேயே போய்விடும்.

1988-ம் ஆண்டில் பாஸ் கம்பெனி "எம்.இ.-5" என்ற பெட்டியை வெளியிட்டது. கரகரப்பு, எதிரொலி, கோரஸ் எல்லாம் அதில் இருந்தன. பிடித்த ஒலியை அமைத்து, ஓர் எண்ணில் சேமித்து வைக்கலாம். மறுபடி அந்த எண்ணை மிதித்தால், அதே ஒலி வரும்!

1983-ம் ஆண்டில் டோக்கியோவில் தொடங்கிய "ஜூம்" கம்பெனியும் போட்டிக்கு வந்தது. 1990-ஐ ஒட்டி, கிட்டார் பட்டையில் மாட்டிக்கொள்ளும் அளவுக்குச் சின்னப் பெட்டியை அது விற்றது. 1990-களின் நடுவில் "ஜூம் 505" என்ற மலிவான பெடலை வெளியிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைக்காசில் வாங்கினார்கள்.

அந்தப் பிள்ளைகள் இன்று நடுவயதுக்காரர்கள். அந்தப் பெட்டிகள் இன்று அலமாரியில் தூங்குகின்றன. சில பெட்டிகள் சந்தைக்கு வருகின்றன.

சட்டம் குறுக்கே வந்தது

பழைய பெட்டியை விற்கக் கூடாது என்று ஒரு சட்டம் வந்தால் எப்படி இருக்கும்? ஜப்பானில் ஏறக்குறைய அப்படி ஒரு நிலைமை வந்தது.

2001-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அங்கே மின்சாரப் பொருள் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. நானூற்றுக்கும் மேற்பட்ட பொருள் வகைகள் அதில் அடங்கின. அந்தப் பொருள்களுக்குப் பாதுகாப்பு முத்திரை வேண்டும். "பி.எஸ்.இ." என்பது முத்திரையின் பெயர்.

நல்ல சட்டம்தானே? நல்ல சட்டம்தான். மின்சாரம் விளையாட்டுப் பொருள் அல்ல.

ஆனால் பழைய பொருள்களின் கதி என்ன? சட்டம் வருவதற்கு முன்பு செய்த பொருளில் புதிய முத்திரை எப்படி இருக்கும்? சில பொருள்களுக்கு 5 ஆண்டு தவணை கொடுத்தார்கள். மின்சார வாத்தியங்களும் அதில் சேர்ந்தவை. 2006-ம் ஆண்டு மார்ச் 31-ந் தேதியுடன் தவணை முடிந்தது.

அதற்குப் பிறகு, முத்திரை இல்லாத பழைய சிந்தசைசரைக் கடைக்காரர் விற்க முடியாது. பழைய ஆம்ப்ளிபயரை விற்க முடியாது. பாட்டரியில் மட்டும் ஓடும் சிறு பெடல் தப்பித்தது. சுவரில் நேராகச் செருகும் பெட்டி மாட்டிக்கொண்டது!

"நீங்களே சோதித்து முத்திரை குத்தி விற்கலாமே" என்று சர்க்கார் சொன்னது. சோதனை என்ன தெரியுமா? 1,000 வோல்ட் மின்சாரத்தை ஒரு நிமிஷம் கொடுத்துப் பார்க்க வேண்டும். இருபது, முப்பது வயதான வாத்தியத்துக்கு அந்தச் சோதனையைக் கொடுத்தால் அது கெட்டுப்போகாதா என்று கடைக்காரர்கள் கவலைப்பட்டார்கள். சிறு கடைக்காரரிடம் அந்தச் சோதனைக் கருவி ஏது?

கலைஞர்கள் கையெழுத்து வாங்கினர்

அப்போது இசைக் கலைஞர்கள் எழுந்தார்கள். முன்னால் நின்றவர்களில் ஒருவர் ரியூச்சி சகமோட்டோ. "தி லாஸ்ட் எம்பரர்" என்ற படத்தின் இசைக்காக, மற்ற இருவருடன் சேர்ந்து 1988-ம் ஆண்டில் ஆஸ்கார் பரிசு வாங்கியவர். (2023-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் காலமானார்.)

அவரும் நண்பர்களும் 2006-ம் ஆண்டு பிப்ரவரியில் கையெழுத்து இயக்கம் தொடங்கினார்கள். 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

"பழைய வாத்தியத்தின் ஒலி புதியதில் வராது. இதை விற்கக் கூடாது என்றால், இந்த ஒலியே நாட்டில் செத்துப்போகும்" என்பது அவர்களது வாதம்.

சர்க்கார் காது கொடுத்தது. மார்ச் மாதத்திலேயே இறங்கி வந்தது. கிடைத்தற்கரிய பழைய வாத்தியங்களுக்கு விலக்குக் கொடுத்தது. கடைக்காரர்கள் மற்றப் பழைய பொருள்களை விற்கவும் வழி விட்டது. 2007-ம் ஆண்டில் சட்டத்தையே திருத்தியது. பழைய சட்டப்படி முத்திரை பெற்ற பொருள்களை விற்கலாம் என்று ஆயிற்று.

பாதுகாப்பு வேண்டும். அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால், ஓடுகிற பொருளைப் பழசு என்ற ஒரே காரணத்துக்காகக் குப்பையில் போடச் சொல்வது பாதுகாப்பு ஆகாது. ஜப்பான் சர்க்கார் தவறைத் திருத்திக்கொண்டது. அதைப் பாராட்ட வேண்டும்.

"இது ஜங்க்!"

ஜப்பானில் பழைய பொருள் வியாபாரத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. 1949-ம் ஆண்டிலேயே அதற்குச் சட்டம் செய்துவிட்டார்கள். பழைய பொருள் கடை வைப்பவர் போலீஸ் மூலம் அனுமதி பெற வேண்டும். 10 ஆயிரம் யென்னும் அதற்கு மேலும் விலையுள்ள பொருளை வாங்கினால், விற்பவர் யார் என்று விசாரித்து எழுதிவைக்க வேண்டும். அந்தக் கணக்கை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

எதற்காக? திருட்டுப் பொருள் கடைக்குள் வரக் கூடாது என்பதற்காக.

தன் வீட்டில் தான் உபயோகித்த பொருளை விற்பவருக்கு அந்த அனுமதி தேவை இல்லை. தொழிலாகச் செய்பவருக்குத்தான் தேவை.

இன்னொரு நல்ல பழக்கமும் அங்கே இருக்கிறது. டோக்கியோவில் ஒச்சானோமிசு என்ற பகுதியில் வரிசையாக வாத்தியக் கடைகள் உண்டு. நாட்டின் பல ஊர்களில் "ஹார்ட் ஆப்" என்ற பழைய பொருள் கடைகள் உண்டு. இத்தகைய கடைகளில் சில பொருள்கள் மீது "ஜங்க்" என்று எழுதி ஒட்டியிருப்பார்கள்.

அதற்கு என்ன அர்த்தம்? "இது ஓடலாம், ஓடாமலும் இருக்கலாம். உத்தரவாதம் இல்லை. திருப்பி வாங்கமாட்டோம். தெரிந்து வாங்குங்கள்" என்று அர்த்தம்.

அந்தப் பொருளையும் ஜனங்கள் வாங்குகிறார்கள்! பழுதுபார்க்கத் தெரிந்தவர் வாங்குகிறார். உதிரிப்பாகத்துக்காக ஒருவர் வாங்குகிறார். விலை மலிவு. வாங்கியவர் ஏமாறவில்லை. விற்றவர் பொய் சொல்லவில்லை.

குறையைச் சொன்னால் பொருள் விற்காது என்று நினைப்பவர்கள், அந்தக் கடைகளில் விற்கும் பொருள்களைப் பார்க்க வேண்டும்.

"விண்டேஜ்" என்றால் என்ன?

பழைய பெடலை விற்பவர்கள் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். "விண்டேஜ்!"

இது திராட்சைத் தோட்டத்துச் சொல். எந்த ஆண்டில் பறித்த திராட்சையில் செய்த மது என்பதைக் குறிக்க உண்டானது. நல்ல ஆண்டின் சரக்கு உயர்ந்தது. பிறகு, பெயர் பெற்ற பழைய கார், பழைய வாத்தியம் ஆகியவற்றுக்கும் அந்தச் சொல் வந்தது.

திராட்சை பறித்த ஆண்டு எல்லாமே நல்ல ஆண்டு ஆகுமா? ஆகாது. அதைப் போல, பழையது எல்லாம் "விண்டேஜ்" ஆகாது.

அமெரிக்காவில் "க்ளான் சென்டார்" என்று ஒரு பெடல். பில் பினெகன் என்பவர் 1994-ம் ஆண்டு முதல் சிறிய அளவில் செய்து விற்றார். எண்ணிக்கை கொஞ்சம், புகழ் அதிகம். இன்று ஒரு பெட்டி ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகிறது. இபானெஸ் கம்பெனி 1979-ம் ஆண்டில் வெளியிட்ட "ட்யூப் ஸ்க்ரீமர்" பெடலுக்கும் நல்ல கிராக்கி உண்டு.

இவை ஒரே வேலை செய்யும் பெட்டிகள். மல்டி எபெக்ட்ஸ் பெட்டியின் கதை வேறு. அதற்குள் கணக்குப் போடும் சில்லு இருக்கிறது. ஆண்டுதோறும் புதிய சில்லுகள் வருகின்றன. புதிய பெட்டி அதிக வேலை செய்கிறது. ஆகவே, பழைய மல்டி எபெக்ட்ஸ் பெட்டிகளில் பெரும்பாலானவை விலை இறங்கின. அந்தக் காலத்து ஒலிதான் வேண்டும் என்று தேடுபவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் தேடும் சில பெட்டிகளுக்கு மட்டும் நல்ல விலை உண்டு.

ஆகவே, எந்தப் பெட்டி என்று பார்க்காமல், வயதைச் சொல்லி விலை கேட்கக் கூடாது.

விற்பவர் செய்ய வேண்டியவை

பழைய மல்டி எபெக்ட்ஸ் பெடலை விற்க நினைப்பவர் என்ன செய்ய வேண்டும்? வரிசையாகச் சொல்லுகிறோம்.

1. முதலில் ஓட்டிப் பாருங்கள். கிட்டாரை மாட்டுங்கள். ஒவ்வொரு சுவிட்சையும் மிதியுங்கள். ஒவ்வொரு குமிழையும் திருகுங்கள். குமிழைத் திருகும்போது "சரசர" என்று ஒலித்தால், உள்ளே தூசி சேர்ந்திருக்கிறது. அதற்கென்று விற்கும் சுத்தம் செய்யும் மருந்தைத் தெளித்தால், பெரும்பாலும் சரியாகிவிடும்.

2. எண் காட்டும் பலகையைப் பாருங்கள். எல்லாக் கோடுகளும் எரிகின்றனவா? "8" என்று காட்ட வேண்டிய இடத்தில் "6" என்று காட்டினால், அதைச் சொல்லிவிடுங்கள்.

3. உள்ளே இருக்கும் சிறு பாட்டரியை மறக்காதீர்கள். பழைய பெட்டிகள் பலவற்றில், நாணயம் போன்ற வட்டப் பாட்டரி ஒன்று இருக்கும். சேமித்த ஒலிகளை நினைவில் வைத்திருப்பது அதுதான். பாட்டரி செத்தால், சேமித்தது எல்லாம் போய்விடும். சிலர், பெட்டியே கெட்டுவிட்டது என்று நினைத்துச் சல்லி விலைக்கு விற்றுவிடுகிறார்கள். பாட்டரியை மாற்றினால் போதும், பெட்டி பிழைத்துக்கொள்ளும்! சில பெட்டிகளில் பாட்டரியை ஈயப்பற்று வைத்து ஒட்டியிருப்பார்கள். அதைத் தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றுங்கள்.

4. மாற்றுவதற்கு முன்பு ஒலிகளைப் பத்திரப்படுத்துங்கள். வாத்தியங்கள் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்ள "மிடி" என்ற முறை 1983-ம் ஆண்டில் வந்தது. மேலே சொன்ன ககேஹாஷியும், அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் அதற்குப் பாடுபட்டவர்கள். அதற்காக 2013-ம் ஆண்டில் இருவருக்கும் கிராமி விருது கிடைத்தது. பெட்டியில் அந்தத் துளை இருந்தால், சேமித்த ஒலிகளைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பி வைத்துக்கொள்ள வழி உண்டா என்று கையேட்டில் பாருங்கள்.

5. சரியான அடாப்டரைக் கொடுங்கள். இதுதான் மிக முக்கியம். சில பெட்டிக்கு நேர்மின்சாரம் வேண்டும். சில பெட்டிக்கு மாறுமின்சாரம் வேண்டும். கிட்டார் பெடல்கள் பெரும்பாலானவற்றில் செருகியின் நடுப்பகுதி நெகட்டிவ். வீட்டிலுள்ள மற்ற அடாப்டர்கள் பலவற்றில் நடுப்பகுதி பாசிட்டிவ். துளை பொருந்துகிறதே என்று கண்டதை மாட்டினால், பெட்டி புகைந்துவிடும். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் 230 வோல்ட். ஜப்பான் அடாப்டரை இங்கே செருகினால், அதோடு அதன் கதை முடிந்தது!

6. படம் எடுங்கள். மேற்புறம், அடிப்புறம், துளைகள், வரிசை எண், எரியும் விளக்கு எல்லாம் தெரிய வேண்டும். கீறலைக் கிட்டத்தில் எடுங்கள். கீறலை நிழலில் மறைத்துப் படம் எடுப்பது, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது மாதிரி.

7. உள்ளே ஏதாவது மாற்றி இருந்தால் சொல்லுங்கள். சுவிட்ச் மாற்றினீர்களா? பழுதுபார்த்தீர்களா? அதை எழுதுங்கள். கையேடு, அட்டைப் பெட்டி இருந்தால் சேர்த்துக் கொடுங்கள்.

8. நன்றாகக் கட்டி அனுப்புங்கள். குமிழ்களுக்கு மெத்தை வையுங்கள். வழியில் உடைந்தால், விற்றவருக்கும் நஷ்டம், வாங்கியவருக்கும் மனக்கசப்பு.

வாங்குபவர் கவனிக்க வேண்டியவை

சந்தையில் மாடு வாங்குபவர் என்ன செய்கிறார்? பல்லைப் பார்க்கிறார். சுழியைப் பார்க்கிறார். நடக்கவிட்டுப் பார்க்கிறார். பெட்டி வாங்குபவரும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

நேரில் போக முடிந்தால், உங்கள் கிட்டாரையே எடுத்துக்கொண்டு போங்கள். பத்து நிமிஷமாவது வாசியுங்கள். சில பெட்டிகள் குளிர்ந்திருக்கும்போது நன்றாகப் பாடும். சூடேறியதும் மக்கர் செய்யும்.

நேரில் போக முடியாவிட்டால், கேள்வி கேளுங்கள். "எல்லாச் சுவிட்சும் ஓடுகிறதா? பாட்டரி எப்போது மாற்றியது? அடாப்டர் உண்டா?" என்று கேளுங்கள். கேள்வி கேட்டால் கோபப்படுகிற ஆளிடம் பொருள் வாங்காதீர்கள்.

"சோதிக்க வசதி இல்லை, அப்படியே விற்கிறேன்" என்று சிலர் எழுதுவார்கள். வசதி இல்லாமலும் இருக்கலாம். சோதித்து, ஓடவில்லை என்று தெரிந்தும் இருக்கலாம். ஆகவே, ஓடாத பொருளுக்குக் கொடுக்கும் விலைக்கு மேல் கொடுக்காதீர்கள்.

கேட்ட விலையும் போன விலையும்

விலையை எப்படி வைப்பது? இதில்தான் பலர் குழம்புகிறார்கள்.

ஒருவர் தம் பெட்டிக்கு 300 டாலர் கேட்கிறார் என்று வையுங்கள். ஆறு மாதமாக அது விற்கவில்லை. அதைப் பார்த்துவிட்டு இன்னொருவரும் 300 டாலர் கேட்கிறார். இருவர் பெட்டியும் அலமாரியில்தான்!

கேட்ட விலை வேறு. போன விலை வேறு. அதே பெட்டி, அதே நிலையில், அண்மையில் எந்த விலைக்குக் கைமாறியது என்று பார்க்க வேண்டும். பழைய வாத்தியங்களை விற்கும் இணையச் சந்தைகளில், விற்று முடிந்த விலையைத் தனியாகப் பார்க்கலாம். 2013-ம் ஆண்டில் சிகாகோவில் தொடங்கிய "ரிவர்ப்" அப்படிப்பட்ட சந்தை. அந்தச் சந்தையை 2019-ம் ஆண்டில் 27½ கோடி டாலருக்கு ஒரு கம்பெனி வாங்கியது. பழைய வாத்திய வியாபாரம் எவ்வளவு பெரியது என்பது இதிலிருந்தே தெரிகிறது அல்லவா?

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. வீட்டில் வாசித்தவர் இறந்துபோயிருக்கலாம். பிள்ளை வெளியூர் போயிருக்கலாம். அவர் பெட்டி பரணில் இருக்கும். விலை தெரியாமல் பழைய இரும்புக்காரரிடம் எடை போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். பெட்டியின் பெயரையும் எண்ணையும் ஒரு தாளில் எழுதி, விவரம் தெரிந்த இரண்டு பேரிடம் கேளுங்கள். ஒருவரிடம் மட்டும் கேட்டு, அவரிடமே விற்பது புத்தி அல்ல.

குப்பையில் போடலாமா?

"விற்று என்ன பெரிய பணம் வரப்போகிறது? தூக்கி எறி" என்று சிலர் நினைக்கலாம்.

2022-ம் ஆண்டில் மட்டும், உலகம் முழுவதும் 6 கோடியே 20 லட்சம் டன் மின்சாரக் குப்பை சேர்ந்தது. ஐக்கிய நாடுகள் சபையின் அறிக்கை சொல்லுகிறது. அதில் முறைப்படி சேகரித்து மறுபடி பயன்படுத்தியது நூற்றுக்கு 22 பங்குதான். மீதி எங்கே போயிற்று? மண்ணில், தண்ணீரில், புகையில்!

பழைய பெட்டிகளில் ஈயப்பற்று இருக்கிறது. ஐரோப்பாவில் மின்னணுப் பொருள்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் 2006-ம் ஆண்டு ஜூலையில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன்பு செய்த பெட்டிகளில் ஈயம் இருப்பது சாதாரணம். உடைத்து எரித்தால், அந்த ஈயம் நஞ்சாக நம்மிடமே திரும்பி வரும்.

ஆகவே, விற்க முடிந்தால் விற்பது நல்லது. விற்க முடியாவிட்டால், பழகுகிற ஒரு பிள்ளைக்குக் கொடுங்கள். அதுவும் முடியாவிட்டால், மின்சாரக் குப்பை சேகரிக்கும் இடத்தில் சேருங்கள்.

தாய்மார்களுக்கு ஓர் எச்சரிக்கை! பெட்டியிலிருந்து எடுத்த வட்டப் பாட்டரியைத் தரையில் போடாதீர்கள். அது மிட்டாய் போல இருக்கும். குழந்தை விழுங்கிவிட்டால், இரண்டு மணி நேரத்துக்குள்ளாகவே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். உயிருக்கே ஆபத்து. விழுங்கியதாகச் சந்தேகம் வந்தால்கூட, ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

நமது கருத்து

வாத்தியம் செய்யும் கம்பெனிகளுக்கு ஒரு பொறுப்பு உண்டு. பெட்டியின் உற்பத்தியை நிறுத்தலாம். ஆனால் அதன் கையேட்டை மறைக்கக் கூடாது. எந்த அடாப்டர், எந்தப் பாட்டரி, ஒலிகளைப் பழையபடி அமைப்பது எப்படி என்ற விவரங்களை என்றைக்கும் எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். பழுதுபார்க்க முடிந்த பொருள்தான் கைமாறும்.

சர்க்காருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. ஆபத்தான பொருளைத் தடுக்கட்டும். திருட்டுப் பொருளைத் தடுக்கட்டும். ஆனால், சட்டம் எழுதும்போது பழைய பொருள் வைத்திருப்பவரையும், சிறு கடைக்காரரையும் கேட்டு எழுதட்டும். ஜப்பானில் கேட்காமல் எழுதினார்கள், சில ஆண்டுகளில் திருத்த வேண்டி வந்தது.

எல்லாரையும்விடப் பெரிய பொறுப்பு விற்பவருக்கு இருக்கிறது. சட்டம் கடைக்காரரைத்தான் கண்காணிக்கும். வீட்டில் இருந்து விற்பவரைக் கண்காணிப்பது அவருடைய மனச்சாட்சி ஒன்றுதான்.

பழைய பெடலை யார் வாங்குகிறார்? பெரும்பாலும் புதியது வாங்கப் பணம் இல்லாதவர். முதல் சம்பளத்தில் மிச்சம் பிடித்த இளைஞர். பையனின் ஆசைக்காகச் சேமித்த அம்மா. அவர்களிடம் ஓடாத பெட்டியை "நன்றாக ஓடும்" என்று கொடுத்தால், பணம் மட்டுமா போகிறது? அந்தப் பையன் கிட்டாரையே மூலையில் வைத்துவிடுவான்.

உண்மையைச் சொன்னால் விலை சற்றுக் குறையலாம். பத்து டாலர் குறையலாம். இருபது டாலர் குறையலாம். ஆனால் வாங்கியவர் திரும்பி வந்து சண்டை போடமாட்டார். அடுத்த முறை உங்களையே தேடி வருவார்.

"ஒரு சுவிட்ச் சரியில்லை, மற்றவை ஓடும், விலை இவ்வளவு." ஒரு வரி போதும். அதை எழுதிவிட்டு விற்கலாம். எழுத மனம் வராதவர், பெட்டியைச் சந்தைக்கு எடுத்து வராமல் இருப்பதே நல்லது.